விண்டோஸ் 11-இல் ஆண்ட்ராய்டு: பழைய செய்தி, புதிய ஏமாற்று

"விண்டோஸ் 11 கணினியில் ஆண்ட்ராய்டு செயலிகள் நேரடியாக ஓடும், இந்த லிங்க்கில் இறக்கிக்கொள்ளுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது இன்று உண்மையல்ல.

அப்படி ஒரு வசதி இருந்தது உண்மைதான். 2021 அக்டோபரில் சோதனைக்கு வந்தது. அமேசானின் செயலிக் கடையான ஆப்ஸ்டோர் வழியாகச் செயலிகளை நிறுவ முடிந்தது. ஆனால் மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச் 5-ஆம் தேதியோடு அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்களும் இனி வராது.

முன்பின் தெரியாத தளத்தில் கிடைக்கும் கோப்பை நிறுவாதீர்கள், அதில் எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. குறிப்பாக வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் வேண்டவே வேண்டாம். ஆண்ட்ராய்டு கேம் விளையாடத்தான் வேண்டுமென்றால் புளூஸ்டாக்ஸ் போன்ற எமுலேட்டரை (கணினியில் ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்ட உதவும் மென்பொருள்) அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள்.