2004-ல் லேக்கர்ஸ் தோற்கவில்லை, பிஸ்டன்ஸ் ஜெயித்தது

இரண்டு நாளாக எல்லாரும் பகிர்ந்துகொண்டிருக்கும், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ பற்றிய அந்த ‘மறக்க முடியாத என்பிஏ அணிகள்’ பட்டியலை நானும் பார்த்தேன். 1996 புல்ஸ் இருக்கட்டும், மேஜிக் ஜான்சனின் லேக்கர்ஸ் இருக்கட்டும், பில் ரஸ்ஸலின் செல்டிக்ஸ் இருக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் 2004-க்கு நேராக ‘லேக்கர்ஸ் கோட்டைவிட்ட வருடம்’ என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, கோப்பையைத் தூக்கிய அணியின் பெயரைக்கூடப் போடாமல் விட்டிருக்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் போட்ட கமென்ட்டுக்கு வந்த பதிலையும் பார்த்திருப்பீர்கள். “அது ஒரு விபத்து ப்ரோ, விடுங்க.”

விட முடியாது தம்பி.

ஒரு ராத்திரியில் நடந்தால் விபத்து என்று சொல்லலாம். இது கோப்பைக்கான ஃபைனல்ஸ், ஐந்து ஆட்டம். லேக்கர்ஸ் பக்கம் ஷாக், கோபி, கார்ல் மலோன், கேரி பேட்டன். நான்கு பேருமே இன்று கூடைப்பந்து ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். மலோனும் பேட்டனும் சாம்பியன் மோதிரத்துக்காகவே சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு வந்தவர்கள். பெஞ்சில் கோச்சாக ஃபில் ஜாக்சன். அந்த அணியை டீட்ராய்ட் பிஸ்டன்ஸ் 4-1 என்று அடித்தது. அந்த ஒன்றும் எப்படிப் போனது? இரண்டாவது ஆட்டத்தில் 2.1 விநாடி பாக்கி இருக்கும்போது கோபி மூன்று பாயின்ட் போட்டுச் சமன் செய்து, அப்புறம் ஓவர்டைமில் லேக்கர்ஸ் தப்பித்தது. அந்த ஒரு பந்து உள்ளே போகாமல் இருந்திருந்தால் 4-0. லேக்கர்ஸ் கோட்டைவிட்டது என்று சொல்லாதீர்கள். பிஸ்டன்ஸ் கோட்டையைப் பிடித்தது.

முதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஷாக் 34, கோபி 25. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு பேரும் பிரமாதமாக ஆடியிருக்கிறார்கள் என்று தோன்றும். அணியின் மொத்தம் 75. அதாவது மற்ற எல்லாரும் சேர்ந்து 16 பாயின்ட். இதுதான் பிஸ்டன்ஸ் கோச் லாரி பிரவுன் போட்ட கணக்கு. அந்தக் காலத்தில் ஷாக்கிடம் பந்து போனால் எல்லா அணியும் இரண்டு பேரை அனுப்பும், அவர் வெளியே தட்டிவிடுவார், ஆளில்லாமல் நிற்கும் ஒருவர் அங்கிருந்து போடுவார். பிஸ்டன்ஸ் இரண்டாவது ஆளை அனுப்பவே இல்லை. ஷாக் போட்டுக்கொள்ளட்டும் என்று பென் வாலஸும் ரஷீத் வாலஸும் எல்டன் கேம்பலும் மாறி மாறித் தனியாக மல்லுக்கு நின்றார்கள். மீதி நான்கு பேர் தங்கள் ஆளை விட்டு ஓர் அடி நகரவில்லை. கோபி அன்றைக்கு 27 முறை எறிந்து 10 போட்டார். டேஷான் பிரின்ஸ் என்ற இரண்டாம் வருடப் பையன், டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில், 23-வதாக எடுக்கப்பட்டவன், தன் நீளக் கையை கோபியின் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு தொடர் முழுக்க நின்றான். கோபி அந்தத் தொடரில் நூற்றுக்கு 38 தான் உள்ளே போட்டார். அவர் தானாக மோசமாக ஆடினாரா, இல்லை ஆட விடாமல் செய்தார்களா?

மூன்றாவது ஆட்டம் 88-68. லேக்கர்ஸ் மொத்தமே 68. கோபி 11. மூக்குடைந்து முகமூடி போட்டுக்கொண்டு ஆடிய ரிப் ஹாமில்டன் ஒருவரே 31. அப்போதெல்லாம் ஃபைனல்ஸில் நடுவிலுள்ள மூன்று ஆட்டமும் ஒரே ஊரில் நடக்கும். 1985-ல் அந்த முறை வந்ததிலிருந்து அந்த மூன்றையும் சொந்த ஊரில் ஜெயித்த அணி அதுவரை ஒன்றுகூடக் கிடையாது. பிஸ்டன்ஸ்தான் முதல். இதையும் விபத்து என்பீர்களா?

சரி, எதிர்க்கட்சிக்காரர்களுக்கு வருகிறேன். “மலோனுக்கு முழங்கால் அடி.” ஆமாம், அடிதான், ஐந்தாவது ஆட்டத்தில் ஆடவில்லை. முதல் ஆட்டத்தில் நல்லபடியாக ஆடிக்கொண்டுதானே இருந்தார், அன்றைக்கும் தோற்றார்களே. “ஷாக்குக்கும் கோபிக்கும் சண்டை.” அந்தச் சண்டை 2000-லும் இருந்தது, 2001-லும் இருந்தது. சண்டையோடுதான் மூன்று வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கினார்கள். ஜெயித்தால் மேதைகளின் உரசல், தோற்றால் மட்டும் அதுவே காரணமா? “ஸ்கோர் கம்மி, பார்க்கவே போரடிக்கும்.” இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. டிஃபென்ஸைப் பார்க்கத் தெரியாதவரிடம் என்ன பேசுவது. “ஒரே ஒரு கோப்பைதானே.” அடுத்த வருடமும் ஃபைனல்ஸ் போய், சான் ஆன்டோனியோவிடம் ஏழாவது ஆட்டம் வரை நின்றார்கள். 2003-லிருந்து 2008 வரை ஆறு வருடம் தொடர்ந்து, ஃபைனல்ஸுக்கு முந்தைய சுற்றான கான்ஃபரன்ஸ் ஃபைனல். விபத்து ஆறு வருடம் நடக்குமா?

“நீ அப்போது அந்த ஊரில் இருந்தாய், அதனால் பேசுகிறாய்” என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் எழுதியிருக்கிறார். ஆமாம், இருந்தேன். கார் பிழைப்பு தேடி டீட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்துக்குப் போன எத்தனையோ தமிழர்களில் நானும் ஒருவன், ஆபர்ன் ஹில்ஸில் பேலஸ் அரங்கத்துக்குக் கொஞ்ச தூரத்தில்தான் வீடு. ஐந்தாவது ஆட்டம், ஜூன் 15, நான்காம் கால்பகுதி தொடங்கும்போதே முடிவு தெரிந்துவிட்டது. அன்று நள்ளிரவில் சாலை முழுக்க ஹாரன். வேலையில் என்னோடு ஒரு வார்த்தை அதிகமாகப் பேசாத ஒரு கிழவர், லைனில் முப்பது வருடம் நின்றவர், மறுநாள் காலை பென் வாலஸ் மாதிரி ஆஃப்ரோ விக் மாட்டிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த ஊரைப் பற்றி மற்ற ஊர்க்காரர்கள் எப்படியெல்லாம் பேசுவார்கள் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அங்கிருந்து பார்த்தவன் பேசக்கூடாது என்றால் வேறு யார் பேசுவது?

பிஸ்டன்ஸின் அந்த ஐந்து பேரைப் பாருங்கள். சான்சி பில்லப்ஸை டிராஃப்டில் மூன்றாவது ஆளாக எடுத்த பாஸ்டன் முதல் வருடம் முடிவதற்குள் தள்ளிவிட்டது. டொராண்டோ, டென்வர், ஆர்லாண்டோ, மினசோட்டா என்று சுற்றிவிட்டு வந்தவர் ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். பென் வாலஸை டிராஃப்டில் யாரும் எடுக்கவே இல்லை. கிராண்ட் ஹில் ஆர்லாண்டோ போனபோது பதிலுக்கு வந்து சேர்ந்தவர். கடைசி ஆட்டத்தில் 22 ரீபவுண்ட், அதாவது உள்ளே போகாமல் திரும்பிய பந்தை 22 முறை பிடித்தார். ஹாமில்டனை வாஷிங்டன் அனுப்பிவிட்டது. ரஷீத் வாலஸ் அந்த பிப்ரவரியில்தான் வந்தார், அட்லாண்டாவில் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு. ரஷீத் நட்சத்திரம்தானே என்பீர்கள், இருக்கட்டும், மீதி நான்கு பேர்?

பிரின்ஸின் அந்த பிளாக் ஒன்று போதும். ஃபைனல்ஸுக்கு முந்தைய சுற்றில் இந்தியானாவோடு இரண்டாவது ஆட்டம், அவர்கள் ஊர், பிஸ்டன்ஸ் 69-67 என்று இரண்டே பாயின்ட் முன்னால். ரெஜி மில்லர் தனியாகப் பந்தோடு ஓடுகிறார், முன்னால் ஒரு ஆள் இல்லை, வளையத்துக்குப் பக்கத்தில் போய் ஒரு லே-அப் போட்டால் சமன். பிரின்ஸ் பின்னாலிருந்து ஓடிவந்து எகிறி அந்தப் பந்தைத் தட்டிவிட்டு, நிற்க முடியாமல் கோர்ட்டைத் தாண்டிப் போய் விழுந்தான். 2016-ல் லெப்ரான் இகுடாலாவைப் பின்னாலிருந்து பிளாக் செய்தது எல்லாருக்கும் தெரியும், வருடா வருடம் பகிர்கிறீர்கள், அது அருமையான பிளாக்தான். 12 வருடம் முன்னால் நடந்த இதை ஏன் யாரும் பகிர்வதில்லை? பெயர் பெரிதாக இல்லை, அவ்வளவுதான் காரணம்.

இது ஏன் என்னை இவ்வளவு சுடுகிறது என்றால், நானும் எதிராளியைப் போட விடாமல் பிடிக்கிற ஆள். பள்ளியில் ஆடும்போது எனக்கு ஷூட்டிங் சுமார்தான், ஆனால் ஓடுவேன். மாவட்டப் போட்டியில் எதிரணியில் ஒரு பையன் இருந்தான், எல்லா ஆட்டத்திலும் பாயின்ட்டாகக் கொட்டிக்கொண்டிருந்தான். எங்கள் பி.டி. மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, “பந்தைப் பார்க்காதே, அவன் கண்ணைப் பார்க்காதே, இடுப்பைப் பாரு. கண்ணு ஏமாத்தும், இடுப்பு ஏமாத்தாது” என்றார். முழு ஆட்டமும் அவன் இடுப்பைத்தான் பார்த்தேன். அவன் டைம்-அவுட்டில் தண்ணி குடிக்கப் போனால்கூட என் கால் அந்தப் பக்கம் போனது. ஜெயித்தோம். மறுநாள் பேப்பரில் எங்கள் ஃபார்வர்டு பெயர் வந்தது, அவன் போட்ட பாயின்ட்டும் வந்தது. அந்தப் பையனைப் பற்றியும் ஒரு வரி, ‘நேற்று சோபிக்கவில்லை’ என்று. அப்பா இரண்டு முறை படித்துவிட்டு, “உன் பேரு இல்லையேடா?” என்றார்.

வேலைக்குப் போன பிறகும் அதே கதைதான் பார்க்கிறேன். புது மாடல் வெளியே வந்தால் டிசைன் போட்டவர் மேடையில் நிற்பார். பழுது வராமல் பார்த்துக்கொண்டவன் எங்கே நிற்பான்? எதுவும் நடக்காமல் தடுப்பதும் வேலைதான் சார். எதுவும் நடக்கவில்லையே என்று சொல்லி அவன் பெயரையே அடித்துவிடுகிறீர்கள். இதைச் சொன்னால் ‘ஸ்போர்ட்ஸ் போஸ்ட்டில் எதற்கு சென்டிமென்ட்’ என்று வருவார்கள். வரட்டும்.

பென் வாலஸ் நான்கு முறை சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது வாங்கியவர், 2021-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். ஆக, அங்கே தேர்வு செய்கிறவர்களுக்குப் புரிந்திருக்கிறது. இங்கே ஹைலைட்ஸ் மட்டும் பார்த்துவிட்டுப் பட்டியல் போடுகிறவர்களுக்குத்தான் புரியவில்லை. மூன்றாவது ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள், வெட்டி ஒட்டியதை வேண்டாம். பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல், 8-ஆம் எண் கோபி பின்னால் 22-ஆம் எண் பிரின்ஸ் எங்கெல்லாம் போகிறது என்று மட்டும் ஒரு கால்பகுதி பாருங்கள். பார்த்துவிட்டு வாருங்கள், எத்தனை நேரம் வேண்டுமானாலும் சண்டை போடுகிறேன்.