பிள்ளைகள் கையில் மண் பட்டுவிட்டதாம்

அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சத்துணவுக் கூடத்துக் காய்கறித் தோலைக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளி மூடுகிறார்கள். அவ்வளவுதான். "படிக்க அனுப்புனா குப்பை அள்ள விடுறாங்க" என்று யாரோ எழுதிப் போட, அது ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் அந்த டீச்சருக்கு மெமோ வந்துவிட்டது.

நானும் 18 வருடமாகத் தொடக்கப்பள்ளி டீச்சர்தான். அதனால் சொல்கிறேன்: அந்தக் குழிதான் பாடம்.

நான்காவது படிக்கும்போது, வகுப்பில் பேசியதற்காக "மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்" என்று 100 தடவை எழுத வைத்தார்கள். எழுதினேன். மரம் நட்டேனா? 2018 நவம்பரில் கஜா அடித்து, கொல்லையில் நின்ற 11 தென்னையும் சாய்ந்த பிறகுதான் முதல் கன்று நட்டேன். ஒரு நாவல். எவ்வளவு ஆழம் வெட்டுவது என்று தெரியாமல் பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். விவசாயி வீட்டுப் பெண்!

போன வருடம் என் வகுப்பில் வாழை இலைத் துண்டு, பழைய பருத்தித் துணி, பிஸ்கட் கவர், டீக்கடை பேப்பர் கப் நான்கையும் பள்ளிக்குப் பின்னால் புதைத்து, அடையாளத்துக்குக் குச்சி நட்டோம். இரண்டு மாதம் கழித்துத் தோண்டினால் இலையைக் காணோம். துணி தொட்டதும் பிய்ந்தது. பிஸ்கட் கவரில் பெயர்கூட அழியவில்லை. கப்பில் பேப்பர் மக்கிப் போய், உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் படலம் மட்டும் பாம்புச் சட்டை மாதிரி வந்தது. "டீச்சர், பேப்பர் கப்புன்னு பொய் சொல்லிருக்காங்க!" என்றான் ஒருவன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய அந்தக் கப்பும் உண்டு. அதை நான் பத்து நாள் வாயால் நடத்தியிருந்தாலும் அவன் இப்படிக் கேட்டிருக்க மாட்டான். குழிதான் கேட்க வைத்தது.

கிருமி வருமாம். சோப்பு என்று ஒன்று இருக்கிறதே.

பாடம் எப்போது நடத்துவீர்கள் என்கிறார்கள். ஒழுகும் குழாய்க்கடியில் வாளி வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தோம். கொள்ளளவும் நேரக் கணக்கும் அதிலேயே முடிந்தது.

இன்னொரு கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது. குறிப்பிட்ட தெருப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவவிட்ட பள்ளிகள் நம் மாநிலத்தில் உண்டு. அந்த வலி தெரிந்தவர்கள் கோபப்பட்டால் அது நியாயம். அதனால்தான் என் வகுப்பில் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லோருக்கும் முறை. முதல் முறை எனக்கு. அந்த வீடியோவிலும் மண்வெட்டி டீச்சர் கையில்தான் இருக்கிறது. ஆனால் இப்போது கத்துகிறவர்களில் எனக்குத் தெரிந்த யாரும் அந்தத் தெருக்காரர்கள் இல்லை. அதற்கு மேல் கிளறவில்லை.

இவர்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்று என்ன நடக்கிறது? தெர்மாகோலில் பூமி உருண்டை. வெட்டியது அப்பா, வண்ணம் அடித்தது அம்மா, பரிசு பிள்ளைக்கு. மறுநாள் உருண்டை வாய்க்காலில். மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தாலும் தள்ளித் திறந்தாலும், கடைமடைக்குத் தண்ணீர் நுங்கும் நுரையுமாக வந்த காலம் போயிற்று. பாட்டிலும் தெர்மாகோலுமாக வந்து, ஆகாயத்தாமரையோடு சேர்ந்து மதகை அடைக்கிறது. அதை இறங்கி அள்ளுகிற ஆளை மட்டும் யாரும் வீடியோ எடுப்பதில்லை.

"சேறு எங்களோட போகட்டும்" என்கிறார்கள். என் அப்பாவும் அப்படிச் சொல்லித்தான் படிக்க வைத்தார். அதனால்தான் நாவல் கன்றைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன்.

கடைசியாக, அந்த வீடியோவுக்குச் சிரிப்புப் பொம்மை போட்ட என் பெரியப்பா மகனுக்கு. "டீச்சருங்க கூலி இல்லாம ஆள் புடிக்கிறாங்க" என்று எழுதியிருந்தாய் அண்ணா. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. போன ஆடிப்பெருக்குக்கு வந்தபோது உன் மகள் என் கொல்லையில் அவரை விதை ஊன்றிவிட்டுப் போனாள். தை வரைக்கும் காய்த்தது. வாரம் தவறாமல் போன் போட்டு, "அத்தை, இன்னைக்கு எத்தனை காய்?" என்று கேட்டாள். உன் போனில்தான் கேட்டாள்.