பி.டி. பீரியடைக் காணோம்

மூன்றாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பி.டி. பீரியட் என்று டைம்டேபிளில் அழகாகப் போட்டிருக்கிறார்கள். போர்ஷன் முடியவில்லையென்றால் அந்த நேரத்தில் கணக்கு டீச்சர் வந்துவிடுகிறார், முடிந்துவிட்டால் ரிவிஷன். மழை பெய்தால் கிரவுண்டில் சேறு. வெயிலடித்தால் "பிள்ளை கறுத்துப் போகிறான்" என்று புகார் சொல்ல நம் பெற்றோர்களே இருக்கிறார்கள். 5 வயது முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே வேலை செய்வது புத்தகப் பையைத் தூக்கும் தோள்பட்டை மட்டும்தான்.

சாப்பாட்டு விஷயம் அதைவிடக் கூத்து. ஸ்நாக்ஸ் டப்பாவில் சிப்ஸ் கூடாது, பழமோ சுண்டலோதான் என்று சர்க்குலர். சரி, நல்ல விஷயம். ராத்திரியே கொண்டைக்கடலையை ஊறவைத்து, காலையில் தாளித்துத் தேங்காய் துருவிப் போட்டு அனுப்பினால், டப்பா அப்படியே திரும்பி வருகிறது. ஏன்டா என்று கேட்டால், கேன்டீனில் க்ரீம் பிஸ்கட் வாங்கித் தின்றானாம்! கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டாயிற்று. யார் கேட்கிறார்கள்?

இந்த லட்சணத்தில் 'ஆரோக்கிய உணவு தினம்' வேறு. கேரட் வேஷத்துக்கு வாடகை 400 ரூபாய், தண்டம். மேடையில் கத்தரிக்காயும் தக்காளியும் கைகோத்து ஆடின. முதல் பரிசு, பெரிய சாக்லேட் டப்பா. எடுத்துக் கொடுத்தவர் பி.டி. சார்.