ஸ்பிரிங்கை வெட்டியது கம்பனியா?

பக்கத்து வீட்டுத் தம்பியின் கார் கொழும்பு மரைன் டிரைவில் இரவில் ஆட்டோவோடு மோதியது; காப்புறுதிக் கம்பனி நட்டஈடு தர மறுத்துவிட்டது. அதைப் பற்றி மூன்று நாட்களாக எல்லோரும் முகநூலில் கம்பனியைத் திட்டி எழுதித் தீர்த்துவிட்டீர்கள். பிழை தம்பியுடையது என்று நானும் நான்கு வரி எழுதினேன். அதற்குக் கீழே ஒருவர், "கம்பனிக்காரனிடம் எவ்வளவு வாங்கினீர்கள் அண்ணா?" என்று கேட்டிருக்கிறார். பதினெட்டுப் பேர் அதற்குச் சிரித்திருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேர் என் வீட்டில் கை நனைத்தவர்கள். சரி, நீளமாகவே எழுதுகிறேன்.

தம்பி கெட்டவன் அல்ல. அவன் காயமில்லாமல் தப்பியது பெற்றவர் செய்த புண்ணியம். ஆனால் ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தரையோடு தரையாக இறக்கியது அவன். முன்விளக்கில் கண்ணைப் பறிக்கும் பல்பைப் பூட்டியது அவன். காப்புறுதிப் படிவத்தில் "வாகனத்தில் மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளனவா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டதும் அவன். நட்டஈடு மறுக்கப்பட்டதும் திருடன் மட்டும் கம்பனியா?

நம் வாகனத்தைப் பற்றி நமக்குத்தான் தெரியும். அதனால்தான் முக்கியமான எதையும் மறைக்காமல் சொல்வது காப்புறுதி ஒப்பந்தத்தின் அடிப்படையாக இருக்கிறது. கேட்காததைச் சொல்லாமல் விட்டால்கூட வாதாடிப் பார்க்கலாம். கேட்டும் "இல்லை" என்று எழுதினால்?

ஸ்பிரிங்கை வெட்டினால் ஷொக் அப்சோபர் அசைய இடமில்லாமல் போகிறது. பள்ளத்தில் விழுந்த சில்லு துள்ளுகிறது. தரையைத் தொடாத சில்லுக்கு பிரேக் பிடித்து என்ன பயன்? ஹலஜன் பல்புக்கென்று செய்த கூட்டில் எச்ஐடி என்ற அதிக வெளிச்சப் பல்பைப் பூட்டினால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது. அன்றிரவு ஆட்டோக்காரர் பொலிஸாரிடம் சொன்னதும் அதைத்தான்: "ஒன்றுமே தெரியவில்லை." கால் முறிந்து கிடக்கும் அவருக்காக ஒருவரும் பதிவு போடவில்லை. காரின் முகம் நசுங்கிய படத்துக்கு மட்டும் நானூறு கண்ணீர் முகங்கள்.

நான் ஒன்றும் சாமியார் அல்ல. 2011 இல் என் பழைய நிசான் சன்னி காரின் ஸ்பிரிங்கை, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வெட்டுவித்தவன்தான். மழை நாளில் பேஸ்லைன் வீதியில் முன்னால் நின்ற லொறியில் போய்ச் செருகினேன். மதிப்பீட்டாளர் வந்தார், குனிந்து சில்லின் பின்னால் பார்த்தார், நிமிர்ந்தார், ஒன்றும் பேசவில்லை. கேட்டதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. காப்புறுதி கைவிட்டபோது அடகுக்கடைக்குப் போனது அம்மாவின் காப்பு. அதை மீட்க எனக்கு இரண்டு வருடமாயிற்று. அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது சொல்லுங்கள், யாரிடம் நான் காசு வாங்கினேன்?

"2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், இருக்கிற காரை அலங்கரித்தால் குற்றமா?" என்பீர்கள். அலங்கரியுங்கள். சீற் உறை மாற்றுங்கள், பிள்ளையாரை ஒட்டுங்கள். ஸ்பிரிங்கை வெட்டுவது அலங்காரமா? "பஸ்காரர்களை யார் கேட்கிறார்கள்?" என்பீர்கள். 2025 ஜனவரியில் பஸ்களிலும் ஆட்டோக்களிலும் மேலதிகப் பாகங்களைப் பொலிஸார் கழற்றியபோது கைதட்டியவர்கள் நீங்கள்தானே!

விபத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஸ்டிக்கரைக் காட்டி கம்பனிகள் பணத்தை வெட்டுவதும் உண்டு என்கிறீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. அதற்கு காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், போய் முறையிடலாம். முகநூலில் என்னைத் திட்டினால் காசோலை வராது.

பதினாறு வருடம் பக்கத்து வீடு. தம்பிக்கு சைக்கிள் பழக்கியவன் நான். நேற்றுக் கடையில் கண்டும் காணாதவன்போலப் போனான். போகட்டும்.

இன்று காலை அவனுடைய அம்மா அழைத்தார். மேன்முறையீட்டுக் கடிதம் ஒன்று எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எழுதித் தருகிறேன் அக்கா, அந்தப் படிவத்தின் பிரதியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். இதை எழுதி முடிக்கும்வரை வரவில்லை.