சிவப்புத்தான் முதல்ல போகும்

அப்பா போர்ட் எழுதின காலத்தில் சிவப்புக்கு மட்டும் தனிக்காசு கேட்பார். கடைக்காரர்கள் சண்டை பிடிப்பார்கள். "நீலத்துக்கு ஒரு விலை, சிவப்புக்கு ஒரு விலையோ அண்ணை?" அப்பா அசையமாட்டார். "ரெண்டு வருசத்தில திரும்ப என்னட்டத்தான் வருவியள், அப்ப சண்டை பிடிப்பம்."

திருகோணமலை வெயில் அப்படி. கச்சான் காற்று தொடங்கினால் மேற்குப் பார்த்த கடைகளின் பலகைகள் பொரியும். போதாததுக்குக் கடல் உப்பு. கறுப்பு கடைசிவரை நிற்கும். நீலமும் பச்சையும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். சிவப்பு முதல் வருசமே ரோசாப்பூ நிறமாகி, அடுத்த வருசம் பழைய பெனியன் நிறத்துக்கு வந்துவிடும்.

இப்ப இதைச் சொல்லக் காரணம், போன கிழமை ஒரு நண்பர் பகிர்ந்த படம். அமெரிக்க ஓவியர் மார்க் ரொத்கோ 1961இல் வரைந்த ஓவியம். ஆளும் இல்லை, பொருளும் இல்லை, பெரிய நிறக் கட்டங்கள் மட்டும்தான். 'செம்மஞ்சள், சிவப்பு, மஞ்சள்' என்று நிறங்களின் பெயர்தான் தலைப்பே. 2012இல் நியூயோர்க்கில் 86.9 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது. கீழே வழமையான சிரிப்புகள். "என்ர மகள் நேர்சரியில இதைவிட வடிவாக் கீறுவாள்" என்று ஒருவர். இன்னொருவர் என் பெயரை இழுத்துவிட்டு, "மச்சான், நீ பெயின்ற் கடையிலதானே நிக்கிறாய், நாளைக்கே ஒண்டு அடிச்சுத் தா, காசு பாதிப் பாதி" என்று எழுதியிருந்தார்.

ஓம், நான் பெயின்ற் கடையில்தான் நிற்கிறேன். நிறம் கலக்கிற மெசினுக்கு முன்னால் பதினொரு வருசம். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விலையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஏலம் நடந்தபோது மனிதர் செத்து 42 வருசம்.

முதலில் நேர்சரி விசயம். ரொத்கோவைச் சீண்ட நினைத்து இதைச் சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். அவர் 1929 தொடக்கம் 1952 வரை நியூயோர்க்கின் புரூக்ளினில், யூத நிலையம் ஒன்று நடத்திய பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்தவர். இருபது வருசத்துக்கு மேல். 1933இல் போர்ட்லன்ட் நகர அருங்காட்சியகத்தில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி நடந்தபோது, தன் படங்களோடு அந்தப் பிள்ளைகளின் படங்களையும் சேர்த்து மாட்டினார். முதல் கண்காட்சியில் எந்த ஓவியர் அப்படிச் செய்வார்? "ஒரு குழந்தையும் இதைக் கீறும்" என்று அவரிடம் போய்ச் சொல்லியிருந்தால் ஆள் கோபப்பட்டிருக்க மாட்டார், யார் அந்தப் பிள்ளை என்று கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

ஊர்விட்டு வந்த ஆள்தான் அவரும். 1903இல் ரஷ்யப் பேரரசின் த்வின்ஸ்க் என்ற ஊரில் பிறந்தார். இன்றைக்கு அது லத்வியாவில் இருக்கிறது. இயற்பெயர் மார்க்குஸ் ரொத்கோவிச். தகப்பன் மருந்துக்கடைக்காரர், முதலில் அமெரிக்கா போனவர் அவர். 1913இல் தாயும் பிள்ளைகளும் பின்னால் போய்ச் சேர்ந்தார்கள். சேர்ந்து சில மாதத்தில் தகப்பன் இறந்துபோனார். பத்து வயதுப் பெடியன், பாஷை தெரியாத ஊரில் பேப்பர் விற்றான். நம்மட ஆட்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. பிறகு படிப்பில் கெட்டிக்காரனாகி யேல் பல்கலைக்கழகம்வரை போய், 1923இல் பாதியில் விட்டுவிட்டு வந்தார். 1940இல் பெயரைச் சுருக்கினார். அதுவும் நமக்குப் பழகின கதை. ரொரன்ரோவில் எத்தனை பேருடைய பெயருக்கு இப்ப வால் இல்லை!

இனி அந்த "நாளைக்கே ஒண்டு அடிச்சுத் தா."

மெசினில் எந்தச் சிவப்பும் எடுக்கலாம். அட்டையைக் காட்டினால் போதும், மூன்று நிமிசம். ஆனால் ரொத்கோ செய்தது அது இல்லை. பெயின்றைத் தண்ணி மாதிரி இளக்கி, ஒன்றுக்குமேல் ஒன்றாக மெல்லிசாகப் பூசிக்கொண்டே போனார். முட்டை, பிசின், பசை என்று கண்டதையும் கலந்தார். வெளிச்சம் மேல் பூச்சோடு நின்றுவிடாமல் உள்ளே போய், அடிப் பூச்சைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேணும். அப்பா இதையே வேறு மாதிரிச் சொல்வார்: "அடி கோட் பேசோணும், மேல் கோட் கேக்கோணும்." சிவப்புக்கு அடியில் அவர் ஒருநாளும் வெறும் வெள்ளை வைத்ததில்லை. செம்மஞ்சள் வைப்பார். ஏனென்று கேட்டால், வெள்ளைக்கு மேல் சிவப்பு கத்துமாம்.

2012இல் லண்டன் டேட் மொடேர்ன் அருங்காட்சியகத்தில் ஒருவன் ரொத்கோவின் ஓவியம் ஒன்றில் மார்க்கர் மையால் கிறுக்கிவிட்டான். அதைத் துடைத்துத் திருத்த 18 மாதம். வேதியியல்காரர்கள் உட்கார்ந்து, மையைக் கரைக்கவும் வேணும், கீழே இருக்கிற ஒரு பூச்சையும் கரைக்கக் கூடாது என்று பல மாதம் கரைப்பான் தேடினார்கள். தின்னர் போத்தலோடு வேலை செய்கிற எவருக்கும் இது விளங்கும். ஒரு பூச்சு மட்டும் என்றால் ஒருநாள் வேலை.

அந்த ஓவியம் மாட்டியிருந்த அறைக்கு நான் போயிருக்கிறேன். அக்கா ஈஸ்ட்ஹாமில் இருக்கிறா. அவவைப் பார்க்கப் போனபோது அத்தானை இழுத்துக்கொண்டு போனேன். டிக்கெற் இல்லை என்றதும்தான் அவர் சம்மதித்தார். உள்ளே போனால் இருட்டு. அத்தான் சொன்னார், "தம்பி, இவங்கள் லைற் போட மறந்திட்டாங்கள்." எனக்கும் முதல் நிமிசத்தில் பெரிய பெரிய கறுத்தச் சீலைதான் தெரிந்தது. மத்தியான வெயிலில் நடந்துவந்து பத்திரகாளி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தால் முதலில் ஒன்றும் தெரியாது, விளக்கு மட்டும்தான் தெரியும். நின்றால்தான் மெல்ல மெல்ல முகம் வரும். அங்கேயும் அப்படித்தான். கறுப்புக்கு அடியில் இருந்து அரக்கு நிறம் ஒன்று வந்தது. அதுக்கும் பின்னால் இன்னொரு சிவப்பு. விளிம்புகள் அசைகிற மாதிரி இருந்தது. அத்தான் வாங்கில் இருந்துவிட்டார். இருபது நிமிசம் பேச்சில்லை. எழும்பும்போது சொன்னது இதுதான்: "உங்கட அப்பா எண்டா கிட்டப் போய் மணந்து பாத்திருப்பார்."

உண்மை. பூச்சு காய்ந்ததா என்று அப்பா மணந்துதான் பார்ப்பார்.

அந்த ஓவியச் சீலைகள் அங்கே வந்த கதை பலருக்குத் தெரியும். 1958இல் நியூயோர்க்கில் புதிதாகக் கட்டின சீக்ராம் கட்டடத்தின் ஆடம்பரச் சாப்பாட்டுக்கடைக்குச் சுவர் ஓவியம் கேட்டார்கள். 35,000 டொலர், அந்தக் காலத்துக் காசுக்குப் பெரிய தொகை. பழைய உடற்பயிற்சிக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கடையின் அறை அளவுக்கே உள்ளே சட்டம் அடித்து, அதுக்குள் நின்று முப்பது வரையான ஓவியங்கள் செய்தார். சாப்பிட வருகிற பணக்காரனுக்குப் பசி கெட வேணும் என்பதுதான் எண்ணம் என்று பழகினவர் ஒருவரிடம் சொல்லியும் இருக்கிறார். பிறகு மனைவியோடு ஒருநாள் அங்கே சாப்பிடப் போனார். அதோடு சரி, காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவற்றில் ஒன்பது டேட்டுக்குக் கிடைத்தன. பெட்டிகள் லண்டனில் வந்து இறங்கினது 1970 பெப்ரவரி 25. அதே நாள்தான் நியூயோர்க்கில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டதும்.

இந்தத் தற்கொலையை வைத்துக்கொண்டு எல்லாரும் படத்தை வாசிக்கிறார்கள். கறுப்பு வந்துவிட்டது, ஆகவே சோகம், ஆகவே சாவு. எனக்கு இது பிடிப்பதில்லை. அப்பா கண்ணீர் அஞ்சலிப் பலகைக்கு அடித்த அதே கறுப்பைத்தான் நகைக்கடைப் போர்ட்டுக்கும் பின்னணியாக அடித்தார், அதன்மேல் தங்க எழுத்து சும்மா ஜொலிக்கும். 1968இல் ரொத்கோவுக்கு நெஞ்சுக்குள் நாடி வீங்கி, பெரிய சீலையில் வேலை செய்ய வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கடதாசிக்கு மாறினார். கடைசிக் காலத்துக் கடதாசிகளில் கறுப்பும் சாம்பலும் இருக்கின்றன, இளநீலமும் ரோசாவும் இருக்கின்றன. கதைக்கு ஒத்துவராததால் அவற்றை யாரும் பகிர்வதில்லை.

எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகப் பெரிய கதை அந்தச் சாப்பாட்டுக்கடை இல்லை, ஹாவர்ட். ஒரு சாப்பாட்டுக்கடையை வேண்டாம் என்றவர் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் மேல்மாடிச் சாப்பாட்டு அறைக்குப் படம் செய்து கொடுத்தார். 1964இல் ஐந்து பெரிய ஓவியங்களை மாட்டினார்கள். அந்த அறையில் சுவர் உயரத்துக்கு யன்னல்கள். திரையை மூடச் சொல்லியிருந்தது. ஆனால் வெளிக்காட்சி வடிவு என்று திறந்து விட்டார்கள். அவர் பாவித்த சிவப்பு லித்தோல் என்கிற சாயம், அச்சு மைகளில் போடுகிற வகை. வெயிலைக் கண்டால் நிற்காது. பதினைந்து வருசத்துக்குள் அரக்குச் சிவப்பு போய், வெளிறின நீலம் மிஞ்சியது. 1979இல் கழற்றிக் களஞ்சியத்தில் போட்டார்கள்.

சிவப்புத்தான் முதல்ல போகும். இதை ஹாவர்டுக்கு யாராவது ஒரு போர்ட் எழுதுகிறவர் இலவசமாகவே சொல்லியிருப்பார். (இப்ப எங்கட ரோட்டிலும் பாருங்கள். தேர்தல் போஸ்டரில் சிரித்துக்கொண்டு வந்த அத்தனை வேட்பாளர்களும் இரண்டு மாதத்தில் நீலமாகிவிடுவார்கள். கட்சிபேதம் இல்லை. அச்சு மையிலும் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் ஓடும்.)

2014இல் அதே ஓவியங்களைத் திரும்ப மாட்டினார்கள். தூரிகை வைக்கவில்லை. பழைய புகைப்படங்களையும், மாட்டாமல் சுற்றி வைத்திருந்த ஆறாவது ஓவியத்தையும் ஒப்பிட்டு, எந்த இடத்தில் எவ்வளவு சிவப்புப் போயிருக்கிறது என்று கணினியில் கணக்குப் போட்டு, அந்தக் குறையை மட்டும் வெளிச்சமாக புரொஜெக்டரில் இருந்து படத்தின்மேல் விழச் செய்தார்கள். பார்க்கிறவனுக்கு 1964ஆம் ஆண்டுச் சிவப்பு. அந்தக் கண்காட்சி நடந்த காலத்தில் பின்நேரம் நான்கு மணிக்கு புரொஜெக்டரை நிறுத்துவார்களாம். சிவப்பு இறங்கிப் போவதைப் பார்க்கவென்றே சனம் காத்துநிற்குமாம்.

ஹூஸ்டனில் அவருடைய பெயரிலேயே ஒரு வழிபாட்டு மண்டபம் இருக்கிறது, எந்த மதமும் வரலாம். பதினான்கு ஓவியங்கள், கறுப்பும் கத்தரிப்பூ நிறமும். அங்கேயும் தகராறு வெளிச்சத்தோடுதான். நியூயோர்க்கில் கூரைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு பரசூட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அந்த மெத்தென்ற ஒளியில்தான் அவற்றைச் செய்தார். 1971இல் மண்டபம் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. டெக்ஸாஸ் வெயில் கூரை வழியாகக் கொட்டியது. மறைப்புகளைக் கட்டி, மாற்றி, திரும்பக் கட்டி, 2020 வரைக்கும் அந்த வேலை இழுபட்டது. என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் தினமும் சொல்கிற ஒரே விசயமும் இதுதான்: அட்டையைக் கடை லைற்றில் பார்க்காதீர்கள், உங்கள் சுவரில் வைத்துப் பாருங்கள்.

இப்படியான படங்களைக் கண்டால் எல்லாரும் கேட்கிற 'அர்த்தம் என்ன' என்ற கேள்விக்கு வருகிறேன். அப்பாவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. ஆனால் திருகோணமலையில் போர்ட் எழுதுகிறவனுக்கு மூன்று மொழியும் வேணும். கடைக்காரர் துண்டில் எழுதிக் கொடுப்பதைப் பார்த்துப் பெருப்பிப்பார். அவருக்கு அவை எழுத்தில்லை. 'வயிறு வைச்சது', 'வால் சுருட்டினது', 'குடை பிடிச்சது'. ஒருதரம் துண்டைத் தலைகீழாக வைத்து அரைவாசி கீறி, பக்கத்துப் பேக்கரி முதலாளி வந்து விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அந்த முதலாளியே சொல்வார், டவுனிலேயே வடிவான சிங்கள எழுத்து உங்கட அப்பாவுடையது என்று. வாசிக்கத் தெரிந்தவன் வாசித்துவிட்டுப் போய்விடுவான். அப்பா அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார். ரொத்கோவுக்கு முன்னால் நிற்க எனக்குப் பழக்கினது எந்தப் புத்தகமும் இல்லை, அந்த வயிறு வைச்ச எழுத்துகள்தான்.

டச்சு பேயில் நின்று கடலையும் வானத்தையும் படம் எடுத்து "எங்கட ரொத்கோ" என்று போடுகிறவர்களுக்கும் ஒன்று. வடிவுதான். ஆனால் தன் படத்தை நிலக்காட்சி என்று சொல்வதை அவர் ஒப்புக்கொண்டதில்லை. தான் அரூப ஓவியன் என்பதைக்கூட ஒப்புக்கொண்டதில்லை. மனிதருக்குப் பொதுவான உணர்ச்சிகள்தான் தன் வேலை என்று அடித்துச் சொன்ன ஆள்.

அப்பா எழுதின போர்டுகளில் எனக்குத் தெரிய மிஞ்சினது ஒன்று. மத்திய வீதிக்குப் பக்கத்தில் ஒரு புடவைக்கடை. எழுதி சில மாதத்திலேயே முதலாளி முன்னால் தகரத் தாழ்வாரம் இறக்கிவிட்டார், போர்ட்டின் மேல் பாதி அதுக்குள் மறைந்துபோனது. போன மாதம் பனர் மாட்டவென்று தாழ்வாரத்தைக் கழற்றினார்கள். நான் சாப்பாட்டுக்குப் போகிற வழி. நின்றுவிட்டேன். கீழ் வரி இருந்ததே தெரியவில்லை. மேல் வரி, அன்றைக்கு அப்பா தூரிகையைக் கழுவும்போது இருந்த அதே சிவப்பு, அடியில் செம்மஞ்சள்.

முதலாளி சும்மாவே தந்தார். "கீழ் பாதிக்கும் ஒரு கோட் அடியன் தம்பி, புதுசு மாதிரி வரும்" என்றார். அந்தச் சிவப்பை மெசினில் எடுக்க எனக்கு மூன்று நிமிசம் போதும். எடுக்கவில்லை. போர்ட் இப்ப வீட்டில், உள் அறைச் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. யன்னல் திரையைத் திறக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.