பிரச்சினை பஸ்ஸா?

"கறுப்பர்களை எதிர்க்கவில்லை, பிள்ளைகளைக் கட்டாயமாக பஸ் ஏற்றி அனுப்புவதைத்தான் எதிர்த்தோம்." கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகள் கலந்து படிக்க, நீதிமன்ற உத்தரவுப்படி அவர்களை வேறு பகுதிப் பள்ளிகளுக்கு பஸ்ஸில் அனுப்பியபோது, 1970களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர வெள்ளையர்கள் சொன்னது. இன்றும் இதை நியாயமான வாதம் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை.

பள்ளி பஸ் அமெரிக்காவுக்குப் புதுசா என்ன? 1969-70ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 39 சதவீதம் பேர், ஏறக்குறைய 1.8 கோடி, பஸ்ஸில்தான் போனார்கள். இப்படிக் கலக்க பஸ் விடலாமா என்ற 1971 ஷார்லட் நகர வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்ன கணக்கு இது. தெற்கு மாநிலங்களில் பக்கத்திலிருந்த வெள்ளையர் பள்ளியைத் தாண்டி, தூரத்துக் கறுப்பர் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போன காலமும் உண்டு. அப்போது "நம்ம பகுதிப் பிள்ளை நம்ம பகுதிப் பள்ளியில்" என்று யாரும் கொடி பிடிக்கவில்லை.

பாஸ்டனில் நடந்ததைப் பாருங்கள். இனவாரியாகப் பிரிந்து கிடக்கும் பள்ளிகளைச் சரிசெய்யச் சொல்லி, பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலம் 1965லேயே சட்டம் போட்டது. அதற்கும் முன்பே ரூத் பேட்சன் போன்ற கறுப்பினத் தாய்மார்கள், நகரப் பள்ளிகளை நடத்தும் பள்ளிக் குழுவிடம் முறையிட்டாகிவிட்டது. லூயிஸ் டே ஹிக்ஸ் இருந்த அந்தக் குழு இழுத்தடித்தது. கடைசியில் 1974 ஜூனில் நீதிபதி கேரிட்டி, குழு தெரிந்தேதான் பிரித்து வைத்திருக்கிறது என்று தீர்ப்பளித்து, பஸ் விட்டுக் கலக்க உத்தரவிட்டார். செப்டம்பரில் வெள்ளையர் பகுதியான சவுத் பாஸ்டனுக்கு வந்த பஸ்கள் மேல் கல் விழுந்தது. உள்ளே இருந்தது பிள்ளைகள். 1976ல் நகராட்சி மாளிகை அருகே பஸ் எதிர்ப்பாளர்களால் கொடிக்கம்பத்தைக் கொண்டு தாக்கப்பட்ட டெட் லேண்ட்ஸ்மார்க் ஒரு கறுப்பின வழக்கறிஞர். வேறு வேலையாக ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார், பாவம்.

சரி, அவர்களுடைய ஒரு கோபத்தை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். கேரிட்டி குடியிருந்தது வெல்ஸ்லியில், வசதியான புறநகர். அதே 1974 ஜூலையில் டெட்ராய்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று, நகரத்தோடு பிள்ளைகளைக் கலக்கும் திட்டத்திலிருந்து புறநகர்களைத் தப்பவிட்டது. ஏழை வெள்ளைப் பிள்ளையும் ஏழைக் கறுப்புப் பிள்ளையும் இடம் மாற, காசுள்ளவன் வேடிக்கை பார்த்தான். அநியாயம்தான். ஆனால் கல் போனது வெல்ஸ்லிக்கு இல்லையே!

கறுப்பினப் பெற்றோரிலும் சிலருக்கு இதில் இஷ்டமில்லை. எண்ணிக்கைச் சமநிலையைவிட நல்ல பள்ளிதான் அவர்களுக்கு வேண்டும் என்று கறுப்பினச் சட்டப் பேராசிரியர் டெரிக் பெல் 1976லேயே எழுதினார். அது வேறு எதிர்ப்பு, இதோடு சேர்க்காதீர்கள்.

2019ல் ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் போட்டிக்கான விவாதத்தில், பைடன் 1970களில் இந்த பஸ் திட்டத்தை எதிர்த்த பழசை நம்ம ஷியாமளா மகள் கமலா ஹாரிஸ் கிளறியபோது, மத்தியக் கல்வித் துறை உத்தரவு போடுவதைத்தான் எதிர்த்தேன் என்றார் பைடன். உள்ளூர்க்காரர்களே முடிவு செய்யட்டும் என்ற அர்த்தத்தில். பாஸ்டன் உள்ளூர்க்காரர்களுக்கு ஒன்பது வருஷம் அவகாசம் இருந்தது.