மீன் சாகவில்லை என்றால் போதுமா?

சனிக்கிழமை கூட்டத்தின் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நானோ வெள்ளி, அதாவது கண்ணுக்கே தெரியாத நுண்ணிய வெள்ளித் துகள், கலந்த தண்ணீரில் 96 மணி நேரம் மீன்களை விட்டும் ஒன்றுகூடச் சாகவில்லையாம், அதனால் பாதுகாப்பானதாம். கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை.

எவ்வளவு போட்டீர்கள் என்பதல்ல கேள்வி ஐயா. நாலு நாளும் தண்ணீரில் எவ்வளவு இருந்தது, எந்த நிலையில் இருந்தது, அதை அளந்தீர்களா? நானோ துகள் உப்பு மாதிரி கரைந்து நிற்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அடியில் படியும், வெள்ளியாக இருந்தால் ஒரு பங்கு அயனியாக, அதாவது மின்னூட்டமுள்ள வெள்ளி அணுவாக, கரையும். நஞ்சில் பெரும்பகுதி அந்த அயனியால் வருவது.

எங்கள் ஆய்வகத்தில் டைட்டானியம் டையாக்சைடு நானோ துகளை டாஃப்னியா என்ற குட்டி நீர்ப்பூச்சிக்குக் கொடுத்துப் பார்ப்போம். காலையில் கலக்கும்போது பீக்கர் முழுக்க வெள்ளையாக இருக்கும். சாயங்காலம் பார்த்தால் அடியில் பொடி, மேலே தெளிந்த தண்ணீர், அதில் டாஃப்னியா பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும். 48 மணி நேரம் கழித்து 'உயிரோடு இருக்கிறது' என்று எழுதினால் எதைச் சோதித்தோம்? அப்படி எழுத மாட்டேன் என்றதற்கு, வேலையை இழுத்தடிக்கிறேன் என்று முன்பு வேலை பார்த்த இடத்தில் எல்லோர் முன்னாலும் பேச்சு வாங்கியிருக்கிறேன். இன்றும் வலிக்கிறது. துகள் தண்ணீரில் எவ்வளவு நேரம் பிரிந்து நிற்கிறது என்று பார்ப்பதற்கென்றே 2017-இல் ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு 318-ஆம் எண் சோதனை வழிகாட்டியைக் கொண்டுவந்தது. நான் கிளப்பிவிட்ட சந்தேகம் இல்லை இது.

உடனே 'இவளுக்கு நானோ என்றாலே ஆகாது' என்பார்கள். இதில்தான் நான் சோறு சாப்பிடுகிறேன். கழிவுநீரில் வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து சல்ஃபைடாக மாறி வீரியம் குறைந்துவிடுமே என்பார்கள். சரி, பெரும்பாலும் அப்படித்தான். அதையும் அளந்து காட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கனடாவில் 222-ஆம் எண் ஏரியில் 2014, 2015 இரண்டு வருடமும் நானோ வெள்ளியைச் சேர்த்துப் பார்த்தார்கள். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான். அங்கே மஞ்சள் பெர்ச் மீன்கள் இரை எடுப்பது குறைந்தது, எண்ணிக்கையும் குறைந்தது. பைக் மீன்களின் ஈரலில் வெள்ளி சேர்ந்தது. இதெல்லாம் 96 மணி நேரத் தொட்டியில் தெரியுமா?

அந்தக் கூட்டத்தில் ஒரு மாணவி எழுந்து செறிவை தினமும் அளந்தீர்களா என்றுதானே கேட்டாள்? 'முதலில் படித்துவிட்டு வாம்மா' என்று உட்கார வைத்துவிட்டீர்கள். அந்தப் பிள்ளை படித்ததால்தான் கேட்டாள். அவளுக்காகவாவது அட்டவணையை வெளியிடுங்கள்: ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் துகள் எவ்வளவு, கரைந்த வெள்ளி எவ்வளவு, தனித்தனியாக.